லாக்கரில் வைரத்தோடு, கையில் மாதச் சம்பளம்

வாடகை வீடு, ஒரே சம்பளம், மாதக் கடைசியில் கைமாற்று. ஆனால் வங்கி லாக்கரில் ஏழு கல் வைரத்தோடு, கெம்பு அட்டிகை, ஒட்டியாணம். தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட குடும்பங்கள் அரிதல்ல. நிலம் கைமாறிய பிறகும் பாட்டியிடமிருந்து அம்மாவுக்கும் மகளுக்கும் இறங்கி வந்த சொத்து இது. வாரிசாகப் பெற்ற நகைக்கு வரி கிடையாது. வாரிசுச் சொத்தின் மீதான எஸ்டேட் வரி 1985-லும் செல்வ வரி 2015-லும் நீக்கப்பட்டுவிட்டன.

இத்தகைய நகையின் மதிப்பை வீட்டில் பேசும் பவுன் கணக்கை வைத்துச் சொல்ல முடியாது. பழைய நகைகளில் உள்ளே அரக்கு இருக்கும். கடையில் கல் எடையும் அரக்கு எடையும் கழிபடும். 22 காரட் என்றால் நூற்றுக்கு 91.6 பங்கு தங்கம். ஹால்மார்க் இல்லாத காலத்து வேலையில், அதிலும் பற்றவைத்த இடங்களில், மாற்று இதற்குக் குறைவாகவே இருக்கக்கூடும்.

கற்கள் விஷயம் இன்னும் சிக்கல். தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்பாண்டைன் சுரங்கத்தின் பெயரால் வந்த ‘புளூ ஜாகர்’ வைரம் என்று பல வீடுகளில் பெருமையாகச் சொல்வார்கள். கடைக்காரருக்கு அந்தப் பெயர் போதாது. பின்புறம் மூடிப் பதித்த கல்லின் நிறத்தையும் குறையையும் கழற்றிப் பார்த்துத்தான் விலை சொல்வார். பல கடைகள் தாங்கள் விற்காத வைரத்தை வாங்குவதே இல்லை. சிவப்புக் கல்லிலோ வேறொரு சங்கடம். பிரான்சின் வெர்னுயில் செயற்கை மாணிக்கம் செய்யும் முறையை 1902-ல் அறிவித்தார். அதற்குப் பிறகு அவை சந்தையில் பரவின. ஆகவே நூறாண்டுப் பழைமை ஒன்றே கல்லின் அசலுக்குச் சான்றாகாது. இதற்குப் பாட்டியையோ ஆசாரியையோ குறை சொல்லிப் பயனில்லை. கடைப்படி ஏறுமுன் ரத்தினப் பரிசோதனைக் கூடத்தில் காட்டிவிடுவது மேல்.

பணமுடை வந்தால் முதலில் நினைவுக்கு வருவது அடகு. ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட விதிகளின்படி, 2.5 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதமும் 5 லட்சத்துக்கு மேல் 75 சதவீதமும் உச்சவரம்பு. இங்கே மதிப்பு என்பது தங்கத்துக்கு மட்டுமே. வைரத்துக்கும் வேலைப்பாட்டுக்கும் ஒரு ரூபாய்கூடச் சேராது. எனவே கல் நகையை அடகு வைப்பது பெரிய பொருளைச் சிறிய தொகைக்குப் பணயம் வைப்பதாகும். வட்டி கட்ட முடியாமல் மூழ்கிப்போனால் இழப்பு இரட்டிப்பு.

விற்பதிலும் இதே கணக்குதான். உருக்கும்போது செய்கூலியும் சேதாரமும் திரும்பி வராது. சாதா வளையலிலும் சங்கிலியிலும் அந்த இழப்பு சிறிது. நாகர்கோவில் வடசேரியின் கோயில் நகை போன்ற கைவேலையை உருக்கினால், அதே தரத்தில் மறுபடி செய்யக் கூலி கட்டுபடியாகாது. ஆகையால் சாதா நகை முதலில் போக வேண்டும், வேலைப்பாடுள்ளது கடைசியில். நடைமுறையில் பல குடும்பங்கள் தலைகீழாகவே செய்கின்றன. தினம் போடும் சங்கிலியை வைத்துக்கொண்டு, போடாத அட்டிகையை உருக்கக் கொடுக்கின்றன.

விற்ற லாபத்துக்கு, 2024 ஜூலை 23 முதல் நீண்டகால மூலதன ஆதாய வரி 12.5 சதவீதம். 2001 ஏப்ரலுக்கு முன் குடும்பத்துக்கு வந்த நகைக்கு, அந்த ஆண்டு ஏப்ரல் 1-ம் தேதிச் சந்தை மதிப்பையே வாங்கிய விலையாகக் காட்டலாம்.

விற்காமல் வைத்திருப்பதற்கும் செலவுண்டு. லாக்கரில் தீ, திருட்டு, ஊழியர் மோசடி ஆகியவற்றுக்கு வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் நூறு மடங்கு வரை மட்டுமே. 3,000 ரூபாய் வாடகை என்றால் 3 லட்சம். ஒரு பவுன் 80,000 ரூபாயைத் தாண்டிய பிறகு அது நான்கு பவுனுக்குக்கூட ஈடாகாது. கட்டுபடியானால் தனிக் காப்பீடு எடுக்கலாம். காசு செலவில்லாத பாதுகாப்பு ஒன்றும் உண்டு. ஒவ்வொரு நகையையும் புகைப்படம் எடுத்து, எடையுடன் பட்டியலிட்டு, உயில் அல்லது பாகப்பிரிவினைப் பத்திரத்தின் நகலோடு வைத்துக்கொள்வது. வருமானவரிச் சோதனையில் மணமான பெண்ணிடம் 500 கிராம் வரையிலான நகையைப் பறிமுதல் செய்வதில்லை என்பது 1994-ம் ஆண்டு உத்தரவு. அதற்கு மேல் உள்ளதற்கு இந்தக் காகிதங்கள்தான் கைகொடுக்கும்.