நோயாளியின் நாற்காலி – 7: சஷ்டி விரதமும் சீனிக் குளிசையும்

தீபாவளி கழிந்த கையோடு கந்தசஷ்டி வந்துவிடும். பின்னேரங்களில் பம்பலப்பிட்டி கதிரேசன் கோயில் வாசலில் செருப்பு வைக்க இடமிருக்காது. வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் இருந்தும், நுகேகொடையில் எங்கள் ஒழுங்கையில் இருந்தும் அம்மாமார் கூட்டமாகப் போவார்கள். ஆறு நாளும் பாலும் பழமும் மட்டும் எடுப்பவர்கள் உண்டு. இரவில் ஒருநேரம் மட்டும் சாப்பிடுபவர்கள் உண்டு. ஆறு மிளகு, ஆறு கை தண்ணீர் என்று கடும் விரதம் பிடிப்பவர்களும் இருக்கிறார்கள். இவர்களில் பலருடைய வீட்டு அலுமாரியில் கிளினிக் கொப்பி ஒன்று இருக்கும். 2018–19இல் நாடளாவிய ரீதியில் செய்யப்பட்ட ஆய்வின்படி, இலங்கையில் வயது வந்தவர்களில் ஏறத்தாழ 23 வீதமானோருக்கு நீரிழிவு. கிட்டத்தட்ட நால்வருக்கு ஒருவர்.

எங்கள் கீழ்வீட்டு அம்மாவிடம் கேட்டேன், விரத நாளில் குளிசையை என்ன செய்வீர்கள் என்று.

“சாப்பாடு இல்லாட்டிக் குளிசை எதுக்குப் பிள்ளை? ஆறு நாளும் போடுறதில்லை.”

“டொக்டருக்குத் தெரியுமோ?”

“சொன்னா ஏசுவார். சொல்லுறதில்லை.”

அந்த அம்மாவின் தமையன் இதற்கு நேரெதிர். மருந்தை ஒருநாளும் விடக்கூடாது என்று டொக்டர் சொன்னதை வேதவாக்காக எடுத்தவர். வெறும் வயிற்றில் காலைக் குளிசையைப் போட்டுவிட்டுக் கோயில் வரிசையில் நின்றபோது உடம்பு வியர்த்து, கை நடுங்கி, கண் இருண்டு இருந்துவிட்டாராம். முருகன் சோதிக்கிறார் என்றுதான் பக்கத்தில் நின்றவர்கள் நினைத்திருக்கிறார்கள். யாரோ ஒரு பிள்ளை குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்திருக்கிறாள்.

இரண்டு பேர் செய்ததிலும் ஆபத்து இருக்கிறது, ஆனால் ஒரே ஆபத்து அல்ல. சீனி வருத்தத்துக்குக் கொடுக்கும் குளிசைகள் எல்லாம் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. மெட்ஃபோமின் மட்டும் எடுப்பவருக்குச் சாப்பிடாமல் இருக்கும்போது சீனி ஆபத்தான அளவுக்கு இறங்குவது அரிது. கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் வகைக் குளிசைகளும் இன்சுலினும் வேறு. வயிற்றில் சாப்பாடு இருந்தாலென்ன, இல்லாவிட்டாலென்ன, அவை சீனியை இறக்கிக்கொண்டே இருக்கும். மருந்தை அடியோடு நிறுத்திவிட்டுப் பழமும் பாலுமாக இருப்பவருக்கோ சீனி ஏறிக்கொண்டு போகும். ஆகவே விரதம் பிடிப்பவரின் மருந்தை எப்படி மாற்றுவது, எந்த நேரத்துக்குத் தள்ளுவது, யார் விரதமே பிடிக்கக்கூடாது என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். அதை வைத்தியர்தான் சொல்ல வேண்டும். சொல்வதற்கு அவருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டுமே! கிளினிக்கில் தரும் துண்டுப் பிரசுரத்தில் சோற்றின் அளவு இருக்கிறது, நடைப்பயிற்சி இருக்கிறது, பாதப் பராமரிப்பு இருக்கிறது. சஷ்டி விரதம் பற்றி ஒரு வரியை நான் இதுவரை கண்டதில்லை.

எழுதியவர்களுக்கு அக்கறை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அந்தப் பிரசுரத்தை எழுதும் மேசையில் விரதம் பிடிக்கும் நோயாளி ஒருவர் இருக்கவில்லை. இருந்திருந்தால் முதல் அரை மணித்தியாலத்திலேயே இந்தப் பேச்சு வந்திருக்கும்.

ரமழான் நோன்பு விஷயத்தில் நோயாளியிடம் கேட்பது நடந்திருக்கிறது. 2001இல் 13 நாடுகளில் நீரிழிவுள்ள 12,000க்கு மேற்பட்ட முஸ்லிம்களிடம் கேட்டுப் பார்த்தார்கள். இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களில் ஏறத்தாழ 79 வீதமானோர் ரமழானில் குறைந்தது 15 நாட்கள் நோன்பு பிடித்திருந்தார்கள். சீனி அபாயகரமாக இறங்கிய சம்பவங்கள் அவர்களிடையே மற்ற மாதங்களைவிடப் பல மடங்கு கூடியிருந்தன. “நோன்பு பிடிக்காதீர்கள்” என்ற ஒற்றை ஆலோசனை எவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். 2016இல் சர்வதேச நீரிழிவுச் சம்மேளனமும் நீரிழிவு–ரமழான் கூட்டமைப்பும் சேர்ந்து வழிகாட்டி ஒன்றை வெளியிட்டன. ரமழானுக்குப் பல வாரங்களுக்கு முன்னரே நோயாளியைச் சந்தித்து மருந்தைத் திட்டமிட வேண்டும் என்றது அது. சீனி 70 mg/dLக்குக் கீழ் இறங்கினாலோ 300க்கு மேல் ஏறினாலோ நோன்பை விட்டுவிட வேண்டும் என்று எண்ணை வைத்தே சொன்னது. விரலில் குத்தி இரத்தம் பார்த்தால் நோன்பு முறிந்துவிடும் என்ற பயம் பலருக்கு இருந்தது. அதை டொக்டர் மட்டும் சொல்லித் தீர்க்க முடியாது. மார்க்க அறிஞர்களும் சேர்ந்து, முறியாது என்றார்கள். எகிப்தின் முஃப்தி அந்த வழிகாட்டிக்கு ஒப்புதல் கொடுத்தார். எங்கள் சஷ்டிக்கும் குருக்கள் ஒருவர் அந்த மேசைக்கு வர வேண்டியிருக்கும்.

நோயாளியை மேசைக்கு அழைப்பது புதிய யோசனை அல்ல. தங்கள் சுகாதாரத்தைத் திட்டமிடுவதிலும் நடத்துவதிலும் பங்குபற்றுவது மக்களின் உரிமையும் கடமையும் என்று 1978இலேயே அல்மா-ஆட்டா பிரகடனம் சொல்லிவிட்டது. அதில் இலங்கையும் சேர்த்தி.

இங்கே ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. டொக்டர் கமலிக்கா அபேரத்ன. குழந்தை வைத்திய நிபுணர். 1995இல் வீதி விபத்தொன்றில் சிக்கியபோது ஏற்றப்பட்ட இரத்தத்தால் அவருக்கு எச்.ஐ.வி. தொற்றியது. அந்தச் சொல்லைக் கேட்டாலே அயலவர் கதவைச் சாத்திய காலம். அவர் ஒளிக்கவில்லை. தனக்கு இந்த நோய் இருக்கிறது என்று நாட்டுக்கு முன்னால் சொன்னார். மருந்து வாங்க வசதியில்லாதவர்களுக்காகக் குரல் கொடுத்தார். 2004இல் காலமானார். அரசு செலவில் எச்.ஐ.வி. மருந்து கிடைக்கத் தொடங்கியதும் அந்தக் காலகட்டத்தில்தான். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டது என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. பல பேருடைய உழைப்பு அது. ஆனால் கட்டிலில் கிடந்தவர் எழுந்துவந்து பேசியதால் திறந்த கதவு ஒன்றும் அதில் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். கமலிக்காவை வைத்தியர் என்பதற்காக மட்டும் நான் மதிக்கவில்லை. நோயாளியாக அவர் பேசியது அதைவிடப் பெரியது.

எல்லோராலும் அவரைப்போல் மேடையில் நிற்க முடியாது, நிற்கவும் தேவையில்லை. எங்கள் நாட்டில் குடும்பநல மாது கூட்டும் தாய்மார் ஆதரவுக் குழுக்கள் இருக்கின்றன. பாயைப் போட்டு இருந்து, பிள்ளை ஏன் நிறை கூடவில்லை என்று தாய்மாரே தங்களுக்குள் கதைப்பார்கள். சில இடங்களில் அது குடும்பநல மாது பேச மற்றவர்கள் தலையாட்டும் கூட்டமாகத்தான் முடிகிறது. நன்றாக நடக்கும் இடங்களில், மாமியார் பிள்ளைக்கு பிஸ்கட் ஊட்டுவதை எப்படி மனம் நோகாமல் நிறுத்துவது என்பது வரை கதை போகும். அந்தக் கேள்விக்கு எந்தப் பிரசுரத்திலும் பதில் இல்லை. பக்கத்து வீட்டுத் தாயிடம் இருக்கிறது.

சீனி வருத்தக்காரருக்கும் அப்படி ஒரு பாய் வேண்டும் என்பதே என் கோரிக்கை. 35 வயதைத் தாண்டியவர்களை இலவசமாகப் பரிசோதிக்கும் ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்கள் 2011 முதல் இயங்குகின்றன. இடமும் ஆட்களும் இருக்கும் இடம் அது. நுகேகொடை கங்கொடவிலையில் ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் இருக்கிறது. அங்கு படித்து வெளிவரும் பிள்ளைகளில் பலர் நாளை களுபோவிலையிலும் கொழும்பின் மற்ற ஆஸ்பத்திரிகளிலும் எங்கள் அம்மாமாரைப் பார்ப்பவர்கள். பரீட்சைக்காகக் கட்டிலில் படுக்க வைக்கும் நோயாளியை ஒரு மணித்தியாலம் கதிரையில் இருத்தி, “விரத நாளில் என்ன செய்கிறீர்கள்?” என்று மாணவர்களுக்கு முன்னால் பேசவிட்டால் என்ன? என் கீழ்வீட்டு அம்மா ஏச்சுக்குப் பயப்படாமல் சொல்வார் என்றால் அது அப்படியொரு இடத்தில்தான்.

ஒரு சிக்கல் இருக்கிறது, அதைத் தள்ளிவைக்கக் கூடாது. கூட்டத்துக்கு வரும் டொக்டருக்கும் உத்தியோகத்தருக்கும் அது சம்பள நேரம். கொட்டாஞ்சேனையில் இருந்து இடியப்பம் அவிப்பதை விட்டுவிட்டு வரும் பெண்ணுக்கு அன்றைய உழைப்பு போய்விடும். பஸ் காசும் அந்த நாளின் வருமானமும் கொடுக்காமல் கூப்பிட்டால், ஓய்வூதியக்காரரும் ஆங்கிலம் பேசத் தெரிந்தவரும் மட்டுமே அந்தக் கதிரைகளில் இருப்பார்கள்.

அந்தக் கதிரைகளைப் பெண்கள் தாங்களே போட்டுக்கொண்ட கதை ஒன்றும் உண்டு. தமிழ்நாட்டின் செங்கல்பட்டுக் கிராமங்களில் 1981இல் பதின்மூன்று பெண்கள், அவர்களில் பன்னிரண்டு பேர் தலித் பெண்கள், தங்கள் உடல்நலத்தைப் பற்றித் தாங்களே பேசவும் எழுதவும் ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். அவர்களைப் பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)