காவிரிக் கடைமடையில் விரால் பிடிக்கும் முறைகள்

மயிலாடுதுறை மாவட்டத்தின் ஆறுகளிலும் வாய்க்கால்களிலும் வாழும் நாட்டு மீன்களில் விரால், குரவை, வாளை, விலாங்கு ஆகியவை பிற மீன்களை இரையாக உண்பவை. இவற்றுள் அதிகம் தேடப்படுவது விரால். இதைத் தூண்டில், பறி, ஊத்தா, வலை ஆகியவற்றாலும், தண்ணீரை இறைத்தும் பிடிக்கின்றனர். ஒவ்வொரு முறையும் இம்மீனின் ஏதாவது ஒரு பழக்கத்தை ஒட்டியே அமைந்துள்ளது. மேலே வந்து மூச்சு விடுதல், ஒளிந்திருந்து பாய்தல், புதுத்தண்ணீரில் வயலுக்கு ஏறுதல், சேற்றில் புதைதல், குஞ்சுகளைக் காத்தல் ஆகியவை அப்பழக்கங்கள். இவற்றுள் குஞ்சு காக்கும் பழக்கத்தைப் பயன்படுத்திப் பிடிப்பது ஒரு மீனோடு நிற்பதில்லை. ஒரு தலைமுறையையே அழித்துவிடுகிறது.

மீனின் இயல்பு

விராலின் அறிவியல் பெயர் சன்னா ஸ்ட்ரையேட்டா. 1793-இல் இதை விவரித்தவர் பெர்லினைச் சேர்ந்த மருத்துவரும் மீன் ஆய்வாளருமான மார்கஸ் எலீசர் பிளாக். அவருக்குத் தென்னிந்திய மீன்களை அனுப்பிவைத்தவர்களுள் ஒருவர், இதே மாவட்டத்தில் உள்ள தரங்கம்பாடியில் பணியாற்றிய மறைப்பணியாளர் கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் ஆவார். குரவையும், உருவில் பெரியதான பூவிராலும் விராலின் நெருங்கிய இனங்கள்.

விராலுக்குச் செவுள்களுக்கு மேலே காற்றைச் சுவாசிக்கும் அறை உண்டு. வளர்ந்த மீன் அவ்வப்போது மேலே வந்து காற்றை விழுங்கியே ஆகவேண்டும். மேலே வர முடியாமல் தடுத்துவிட்டால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டி இறந்துவிடும். ஆனால் ஈரம் இருந்தால் நீருக்கு வெளியே நெடுநேரம் உயிரோடு இருக்கும். சந்தையில் விரால் உயிரோடு விற்கப்படுவதற்கு இதுவே காரணம்.

நீரும் பருவமும்

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கப்பட்டு ஜனவரி 28-இல் மூடப்படும். கல்லணையில் பிரியும் நீர் காவிரியின் கிளை ஆறுகள் வழியாகக் கடைமடையை அடைகிறது. வறண்டு கிடந்த வாய்க்கால்களில் புதுத்தண்ணீர் வந்ததும், குட்டைகளில் ஒடுங்கியிருந்த மீன்கள் வாய்க்காலுக்கும் வயலுக்கும் பரவுகின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் வயலும் வாய்க்காலும் ஒரே நீர்ப்பரப்பாகிவிடும். தை மாதத்துக்குப் பிறகு நீர் வடிய, மீன்கள் மீண்டும் மடுக்களுக்கும் குட்டைகளுக்கும் திரும்புகின்றன. எந்தக் கருவியை எப்போது எடுப்பது என்பதை இந்தச் சுழற்சியே முடிவுசெய்கிறது.

தூண்டில்

விரால் துரத்தி வேட்டையாடுவதைவிட, ஆகாயத்தாமரைக்கும் கோரைக்கும் அடியில் அசையாமல் கிடந்து, அருகில் வரும் இரைமீது பாய்வதே அதிகம். எனவே தூண்டிலில் உயிருள்ள தவளையோ சிறு கெண்டையோ கோக்கப்படுகிறது. தவளையின் முதுகுத் தோலில் மட்டும் முள்ளை ஏற்றினால் அது நீந்திக்கொண்டே இருக்கும். அந்த அசைவே விராலை இழுக்கும். கரையில் மூங்கில் குச்சியை ஊன்றி, தடித்த கயிற்றில் தூண்டிலைக் கட்டி, இரவு முழுவதும் விட்டுவைத்துக் காலையில் வந்து பார்ப்பது ஒரு முறை. கையில் கோல் பிடித்து, தாவரங்களின் இடைவெளிகளில் இரையைத் தட்டித் தட்டி நகர்த்துவது மற்றொரு முறை. இப்போது இளைஞர்கள் உயிர்த்தவளைக்குப் பதில் ரப்பர் தவளையைப் பயன்படுத்துகின்றனர்.

விரால் கவ்வியவுடன் இழுத்தால் இரை மட்டுமே கைக்கு வரும். அது இரையை வாய்க்குள் வாங்கித் திரும்பும்வரை காத்திருக்க வேண்டும். முள் ஏறியபின் தாமதிக்கவும் கூடாது. மீன் செடிக்குள் புகுந்து நரம்பைச் சிக்கவைத்துவிடும்.

வாளை ஆழமான மடுக்களின் அடியில் தங்கி இரவில் இரை தேடும். அதன் கூரிய பற்கள் நரம்பை அறுத்துவிடும் என்பதால் முள்ளுக்கு மேலே கம்பி கட்டப்படுகிறது. விலாங்குக்குக் கரைப் பொந்துகளின் வாயில் மண்புழு கோத்த தூண்டில் இடப்படும்.

பறி

மூங்கில் சிம்புகளாலோ ஈர்க்குகளாலோ பின்னப்பட்ட கூடு பறி எனப்படும். இதன் வாயில் உள்ள குச்சிகள் உள்நோக்கிக் குவிந்திருப்பதால், நுழைந்த மீனால் வெளியேற முடியாது. மதகடியிலும் வயலின் வாய்மடையிலும் நீரோட்டத்தை அடைத்து இது வைக்கப்படுகிறது. புதுத்தண்ணீரில் ஏறும் மீனுக்கு ஒரு பக்கமும், நீர் வடியும்போது இறங்கும் மீனுக்கு மறுபக்கமும் வாய் திருப்பப்படும். முழுதும் மூழ்கிய பறியில் நெடுநேரம் அகப்பட்ட விரால் இறந்துவிடும். ஆகவே பறியின் மேற்பகுதி நீருக்கு வெளியே தெரியுமாறு வைப்பது நல்லது.

ஊத்தாவும் வலையும்

ஊத்தா என்பது மேலும் கீழும் திறந்த, அடி அகன்று மேல் குறுகிய கூடை. முழங்கால் அளவு நீரில் நடந்தபடியே இதை அழுத்தி ஊன்றுவார்கள். உள்ளே மீன் மோதுவது தெரிந்தால், மேல் வாய் வழியாகக் கையை விட்டு எடுப்பார்கள். புதுக்கோட்டை, சிவகங்கை, மதுரை மாவட்டங்களின் கண்மாய்களில் நடக்கும் மீன்பிடித் திருவிழாக்களில் இது முதன்மைக் கருவி. ஆப்பிரிக்காவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் இதே வகைக் கூடைகள் உண்டு.

மூச்சு விட மேலே வரும் விரால் எழுப்பும் ஒலியையும் குமிழியையும் கவனித்து வீச்சு வலை எறியப்படுகிறது. ஆனால் விரால் வலைக்குத் தப்புவதில் தேர்ந்தது. ஈயக் குண்டுகள் தன்மேல் உருண்டு போகும்வரை சேற்றில் புதைந்து கிடக்கும். அல்லது வலையைத் தாண்டிக் குதிக்கும். அதனால் அனுபவமுள்ளவர்கள் வலையை உடனே இழுக்காமல், அதன்மேல் நடந்து காலால் தடவி மீனைத் தேடுவார்கள்.

இறைப்பு

மாசி முதல் வைகாசி வரை வாய்க்காலின் ஒரு பகுதியை மண்ணால் அடைத்து, தண்ணீரை முழுவதும் இறைத்துவிட்டு மீன் பிடிப்பது உண்டு. முன்பு இறைகூடையால் செய்த வேலையை இன்று டீசல் எஞ்சின் செய்கிறது. எஞ்சிய சேற்றில் புதைந்திருக்கும் விராலைக் கையால் துழாவி எடுப்பர். அதே சேற்றில் நச்சு முள் கொண்ட தேளியும் இருக்கும். அது குத்தினால் கடும் வலி உண்டாகும்.

கூடையால் இறைத்தபோது அடியில் சிறிது நீரும் அதில் சில மீன்களும் தப்பும். எஞ்சின் ஒரு குட்டையை ஒரே நாளில் வெறுமையாக்குகிறது. கோடையில் குட்டையில் எஞ்சும் மீன்களே அடுத்த புதுத்தண்ணீரில் வாய்க்கால்களுக்குப் பரவ வேண்டிய தாய் மீன்கள். எல்லாக் குட்டைகளும் இறைக்கப்பட்டால் பரவுவதற்கு மீன் இராது.

குஞ்சு காக்கும் விரால்

விரால் பெரும்பாலும் மழைக்காலத்தில் முட்டையிடும். செடிகளை விலக்கி உண்டாக்கிய இடத்தில் முட்டைகள் மிதக்கும். குஞ்சுகள் ஓரிரு நாட்களில் வெளிவரும். செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேற்பரப்பில் திரியும். பெற்றோர் அவற்றின் அடியில் நின்று சில வாரங்கள் காக்கும். நெருங்கும் எதையும் தாக்கும்.

இந்த நேரத்தில் அதைப் பிடிப்பது மிக எளிது. பசி இல்லாவிட்டாலும், குஞ்சுகளின் நடுவே விழும் தூண்டிலைப் பகையென்று எண்ணிக் கவ்விவிடும். காவல் போனதும் குஞ்சுகளைப் பிற மீன்களும் தவளைகளும் பறவைகளும் தின்று தீர்த்துவிடும். கிடைப்பது ஒரு மீன். இழப்பது நூற்றுக்கணக்கான குஞ்சுகள். சிவந்த குஞ்சுக் கூட்டம் தெரியும் இடத்தில் தூண்டில் போடாமல் விலகிச் செல்வதே இந்த இழப்பைத் தவிர்க்கும் வழி.

தடையும் இன்றைய நிலையும்

காக்கைக்கொல்லி விதை போன்ற நச்சுகளைக் கலந்து மீன் பிடிப்பது பழைய வழக்கம். இந்திய மீன்வளச் சட்டம், 1897, நீரில் நஞ்சு கலப்பதையும் வெடி வைப்பதையும் குற்றமாக்கியது. நீரில் மின்சாரம் பாய்ச்சுவது குஞ்சு முதல் தாய் வரை அனைத்தையும் தாக்குவதுடன், பிடிப்பவரின் உயிரையும் பறிக்கக்கூடியது.

வெளிநாட்டிலிருந்து வந்த ஜிலேபிக் கெண்டையும், வளர்க்கத் தடை உள்ள ஆப்பிரிக்கக் கெளுத்தியும் நாட்டு மீன்களோடு இரைக்கும் இடத்துக்கும் போட்டியிடுகின்றன. வாளை இன்று உலகளவில் அழிவாய்ப்புள்ள இனமாக வகைப்படுத்தப்பட்டுள்ளது. விரால் இன்னும் அந்த நிலையை எட்டவில்லை. கோடைக் குட்டைகளில் சிலவற்றை இறைக்காமல் விடுவதும், குஞ்சோடு திரியும் மீனைத் தொடாதிருப்பதும் கடைமடையில் விரால் நிலைத்திருக்க உதவும்.