கட்டியைச் சுட்டால் எலும்பு தாங்குமா?

“ஊசி வெச்சே கட்டியைச் சுட்டுடலாம்னு சொல்றாங்க. எலும்பும் சேர்ந்து வெந்துடாதா?” எலும்புக்குப் பரவிய புற்றுநோய்க்கு வெப்பச் சிகிச்சை என்றதும் எழும் கேள்வி இது. நியாயமான கேள்விதான்.

மார்பகம், புராஸ்டேட், நுரையீரல், சிறுநீரகம், தைராய்டு புற்றுநோய்கள் எலும்புக்குப் பரவுவது சகஜம். வலி அதிகமுள்ள இடத்தில், ஸ்கேனில் பார்த்தபடியே ஊசி போன்ற மின்முனையைச் செலுத்தி, ரேடியோ அலைவரிசை மின்சாரத்தால் கட்டியைச் சூடாக்குவார்கள். வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், வெந்த முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி புரதம் உறைந்து செல்கள் செத்துவிடும்.

எலும்பு செல்களும் தப்பாது. முயல்களை வைத்து ஸ்வீடனில் நடந்த, 1984இல் வெளியான ஆய்வில், 47 டிகிரி சூடு ஒரு நிமிடம் பட்டதற்கே எலும்பு மீண்டும் வளர்வது பாதிக்கப்பட்டது.

ஆனால், எலும்பின் உறுதி செல்களில் இல்லை. கான்கிரீட்டில் கம்பியும் சிமென்ட்டும் போல, கொலாஜன் இழைகளும் கால்சியம் தாதுவும் சேர்ந்துதான் எடையைத் தாங்குகின்றன. செல் செத்த அன்றே இந்தக் கட்டுமானம் சரிந்துவிடாது. ஜப்பானிலும் தென் கொரியாவிலும் புற்றுநோய் பாதித்த எலும்புத் துண்டை வெட்டியெடுத்து, கட்டியைச் சுரண்டிவிட்டு, சுமார் 60 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கி, அதே நோயாளிக்குத் திரும்பப் பொருத்துகிறார்கள். பாலைப் பதப்படுத்துவது போலத்தான்! அதையே ஆட்டோகிளேவில் 120 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் எலும்பின் வலு கணிசமாகக் குறைகிறது.

அப்புறம் எங்கேதான் ஆபத்து? கட்டி ஏற்கெனவே அரித்துவைத்த பள்ளத்தில். வெப்பம் கட்டியைக் கொல்லும், பள்ளத்தை நிரப்பாது. தவிர, செத்த எலும்பால் அன்றாடம் விழும் நுண்விரிசல்களைச் சரிசெய்ய முடியாது. பிறகு புது ரத்தநாளங்கள் நுழைந்து, பழைய எலும்பை உடல் அரித்தெடுத்துப் புதிதாகக் கட்டும்போது, இடைப்பட்ட மாதங்களில் அந்த இடம் இன்னும் பலவீனமாகலாம்.

இதில் ஒரு விசித்திரம், சிகிச்சை பலித்தால்தான் ஆபத்து கூடுகிறது. அதுவரை வலிக்குப் பயந்து காலை ஊன்றாதவர், ‘வலி போயிடுச்சே’ என்று மாடிப்படி ஏறுவார். வலி குறைந்திருக்கிறதே தவிர, எலும்பு தேறியிருக்காது.

அதனால்தான் முதுகெலும்பில் கட்டியைச் சுட்ட கையோடு எலும்பு சிமென்ட்டையும் செலுத்துகிறார்கள். மேலிருந்து அழுத்தும் பாரத்தை சிமென்ட் நன்றாகத் தாங்கும். தொடையெலும்பின் கதை வேறு. அங்கே வளைவும் முறுக்கும் சேர்வதால் சிமென்ட் மட்டும் போதாது. பெரும்பாலும் உள்ளே கம்பி வைக்க வேண்டிவரும்.

ஆகவே, ‘கட்டி செத்துப்போச்சா?’ என்று கேட்பவர்கள், ‘எவ்வளவு பாரம் ஊன்றலாம், எப்போதிருந்து?’ என்பதையும் டாக்டரிடம் கேட்டுவிடுவது நல்லது. முதுகெலும்பில் சிகிச்சை பெற்றவருக்குக் கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் கழிக்கச் சிரமமானாலோ அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்கக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.