கூடுதல் சக்கரங்களின் கணக்கு

இரு சக்கர வாகனம் இன்று நடுத்தரக் குடும்பத்தின் கால்களாகிவிட்டது. பணிக்குச் செல்வதும், குழந்தையைப் பள்ளியில் விடுவதும், கடைக்குப் போய் வருவதும் அதை நம்பியே நடக்கின்றன. ஆனால், அந்த வாகனம் தன்னை ஓட்டுபவரிடம் ஒரு நிபந்தனை விதிக்கிறது. வண்டி நிற்கும் ஒவ்வொரு முறையும் ஒரு காலையாவது தரையில் உறுதியாக ஊன்ற வேண்டும். இந்த நிபந்தனையை நிறைவேற்ற இயலாதோர் நம்மிடையே லட்சக்கணக்கில் உள்ளனர். 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி பேர். அவர்களுள் உடல் இயக்கக் குறைபாடு உடையவர்கள் ஏறத்தாழ 54 லட்சம் பேர்.

பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென், மாற்றுத்திறனாளிகள் எதிர்கொள்ளும் இரு வகை இடர்களைப் பிரித்துக் காட்டுகிறார். முதலாவது, வருவாய் ஈட்டுவதில் ஏற்படும் இடர். இரண்டாவது, ஈட்டிய வருவாயைப் பயனுள்ள வாழ்வாக மாற்றுவதில் ஏற்படும் இடர். பிறர் பேருந்தில் செல்லும் தொலைவுக்கு இவர் ஆட்டோவுக்குப் பணம் தர வேண்டும். பிறர் ஸ்கூட்டரை வாங்கிய அன்றே ஓட்டிச் செல்லலாம், இவர் அதை மாற்றியமைக்க மேலும் செலவிட வேண்டும். ஆகவே, ஒரே வருமானம் பெறும் இருவர் ஒரே நிலையில் இருப்பதாகக் கொள்ள முடியாது. ஸ்கூட்டரின் பின்புறம் பொருத்தப்படும் இரண்டு சிறு சக்கரங்கள், இந்த இரண்டாவது இடரைக் குறைக்கும் எளிய கருவி. முதலாவதையும் அவை கணிசமாகக் குறைக்கின்றன. பணியிடத்தை அடைய முடிந்தவருக்கே பணி கிடைக்கிறது.

மோட்டார் சைக்கிளை மூன்று சக்கர வண்டியாக்குவது புதிய சிந்தனையன்று. அமெரிக்காவின் ஹார்லி டேவிட்சன் நிறுவனம் 1932இல் தொடங்கி 1973 வரை 'சர்வி கார்' என்ற மூன்று சக்கர வண்டியைத் தயாரித்தது. காவல் துறையினரும் வாகனப் பழுது நீக்குவோரும் அதை விரும்பிப் பயன்படுத்தினர். இத்தாலியின் பியாஜியோ நிறுவனம், வெஸ்பா ஸ்கூட்டரை அடிப்படையாகக் கொண்டு 1948இல் 'ஆப்பே' சரக்கு வண்டியை உருவாக்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் எஞ்சிய ராணுவ மோட்டார் சைக்கிள்கள் தில்லியில் 'பட்பட்டி' என்ற பயணிகள் வண்டிகளாக உருமாறின. பழைய வண்டிகளின் இன்ஜின் பொருத்தப்பட்ட நம் சென்னையின் மீன்பாடி வண்டியும் இந்த மரபைச் சேர்ந்ததே. இவை பெரும்பாலும் சுமைக்கும் பிழைப்புக்கும் பிறந்தவை. மாற்றுத்திறனாளிக்கான வாகனத்தின் தேவை வேறு. அதன் முதன்மை நோக்கம் ஓட்டுபவரின் சுதந்திரமான நடமாட்டம்.

இந்த மாற்றம் இரு வழிகளில் செய்யப்படுகிறது. முதல் வழி, பின்சக்கரத்தை அகற்றிவிட்டு, ஓர் அச்சில் இரு சக்கரங்களைப் பொருத்துவது. வளைவில் திரும்பும்போது வெளிப்புறச் சக்கரம் உட்புறச் சக்கரத்தைவிட அதிகத் தொலைவு உருள வேண்டும். எனவே, ஆட்டோ ரிக்‌ஷாவில் உள்ளதுபோல் இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம்தரும் 'டிஃபரன்ஷியல்' தேவைப்படும். இதற்குச் செலவு அதிகம். இரண்டாவது வழி, மூலப் பின்சக்கரத்தை அப்படியே விட்டுவிட்டு, அதன் இருபுறமும் துணைச் சக்கரங்களை இணைப்பது. தமிழக அரசு மாற்றுத்திறனாளிகளுக்கு விலையின்றி வழங்கும் இணைப்புச் சக்கரம் பொருத்தப்பட்ட பெட்ரோல் ஸ்கூட்டர்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. கியரைக் காலால் மாற்ற வேண்டியதில்லை, இரு பிரேக்குகளையும் கையாலேயே இயக்கலாம் என்பதால் கியரில்லா ஸ்கூட்டர்களே இதற்குப் பெரிதும் தேர்ந்தெடுக்கப்படுகின்றன.

இரண்டாவது வழி எளிதாகத் தோன்றினாலும், நுணுக்கம் நிறைந்தது. இயந்திரத்தின் விசையும் பின் பிரேக்கும் நடுச் சக்கரத்தில்தான் உள்ளன. துணைச் சக்கரங்கள் அளவுக்கு மீறித் தாழ்வாக இருந்தால் வண்டியின் பாரத்தை அவையே தாங்கிக்கொள்ளும். நடுச் சக்கரம் தரையைச் சரியாகப் பற்றாது. மேடு பள்ளமான சாலையில் அது சுழலும், வண்டி நகராது. பிரேக் பிடித்தாலும் வண்டி வழுக்கிச் செல்லும். துணைச் சக்கரங்கள் அளவுக்கு மீறி உயரமாக இருந்தாலோ வண்டி இருபுறமும் தள்ளாடும். அவற்றுக்குத் தனி வில் அமைப்பு வேண்டும். இணைப்புச் சட்டத்தின் பற்றவைப்பு உறுதியாக இருக்க வேண்டும்.

இளம்பிள்ளை வாதத்தால் ஒரு கால் பாதிக்கப்பட்ட நான், இத்தகைய ஸ்கூட்டரைப் பல ஆண்டுகளாக ஓட்டிவருகிறேன். இதை ஓட்டுவது இரு சக்கர வாகனம் ஓட்டுவதன் நீட்சியன்று. முற்றிலும் வேறொரு பயிற்சி. இரு சக்கர வண்டி சாய்ந்து திரும்பும். இது சாயாது, கைப்பிடியைத் திருப்பிய பக்கம் திரும்பும், ஓட்டுபவரின் உடல் வெளிப்புறம் தள்ளப்படும். வளைவின் உட்புறமாக உடலைச் சாய்த்துக்கொள்ள வேண்டும். மழைநீர் வடிவதற்காகச் சாலையின் ஓரம் சரிவாக அமைக்கப்படுவதால், வண்டி இடப்பக்கம் இழுத்துக்கொண்டே போகும். பள்ளத்திலிருந்து முன்சக்கரத்தை விலக்கினாலும், துணைச் சக்கரம் அதில் இறங்கிவிடும். ஒரு தடத்தைப் பார்த்து ஓட்டிய கண், மூன்று தடங்களைப் பார்க்கப் பழக வேண்டும்.

இவற்றுள் உயிரோடு தொடர்புடையது வளைவுதான். ஒரு கணக்கைப் பார்ப்போம். பின்சக்கரங்களுக்கிடையே 90 செ.மீ. இடைவெளி, ஓட்டுபவருடன் சேர்ந்து வண்டியின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 70 செ.மீ. உயரம் எனக் கொள்வோம். முன்புறம் ஒரே சக்கரம் இருப்பதால் பின்புற அகலம் முழுவதும் பாதுகாப்பாகப் பயன்படுவதில்லை. பாரத்தின் மூன்றில் இரு பங்கு பின்புறம் இருந்தால், எடையில் சுமார் 43 விழுக்காட்டுக்கு இணையான பக்கவாட்டு விசையிலேயே உட்புறச் சக்கரம் தரையைவிட்டு எழத் தொடங்கும். 10 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் திரும்பினால் அந்த விசை எடையில் 31 விழுக்காடு, ஆபத்தில்லை. 30 கி.மீ. வேகத்தில் அது 71 விழுக்காடாகிவிடும், வண்டி கவிழும். கூடுதல் சக்கரம் நிற்கும்போது முழுப் பாதுகாப்பு தருகிறது. திரும்பும்போது அதற்கு ஓர் எல்லை உண்டு. இந்த எல்லையை வண்டியைப் பெறுவோர் அனைவருக்கும் சொல்லித் தர வேண்டும்.

சட்டத்தின் பார்வையும் காலப்போக்கில் மாறியிருக்கிறது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், மாற்றுத்திறனாளிக்கான வாகனத்தை வரையறுத்தபோது, அது அதற்கெனவே வடிவமைத்துக் கட்டப்பட்டதாக இருக்க வேண்டும். வெறுமனே மாற்றியமைக்கப்பட்டதாக இருக்கக் கூடாது என்றது. 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில், உற்பத்தியாளரின் மூல வடிவமைப்புக்கு மாறாக வாகனங்களை மாற்றக் கூடாது என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொதுவான பாதுகாப்பு நோக்கில் அது சரியான தீர்ப்பே. அதே ஆண்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தச் சட்டம், 52ஆவது பிரிவின்கீழ் மாற்றியமைக்கப்பட்ட வாகனத்தையும் மாற்றுத்திறனாளிக்கான வாகனத்தின் வரையறைக்குள் கொண்டுவந்தது. மத்திய அரசின் விதிகளுக்கு உட்பட்டுச் செய்யப்படும் மாற்றத்தைக் காரணம் காட்டி, உற்பத்தியாளரின் உத்தரவாதம் செல்லாது எனக் கருதக் கூடாது என்றும் அத்திருத்தம் கூறுகிறது. மாற்றம் பதிவுச் சான்றில் இடம்பெற வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவிக்கப்பட வேண்டும். இவ்விரண்டும் இல்லாமல் ஓட்டுபவர், விபத்து நேரும் நாளில் இழப்பீட்டுக்காக வழக்காட வேண்டிய நிலைக்கு ஆளாகலாம்.

சட்டம் கதவைத் திறந்துவிட்டது. ஆனால், சந்தை தானாகத் தரத்தைக் கொண்டுவராது. பொருளியலாளர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970இல் பழைய கார்ச் சந்தையை எடுத்துக்காட்டி ஒன்றை விளக்கினார்: வாங்குபவரால் தரத்தை அறிய முடியாத சந்தையில், நல்ல பொருளைத் தரமற்ற பொருள் வெளியேற்றிவிடும். நமது பட்டறைகளுக்கும் இது பொருந்தும். நல்ல எஃகையும் வில் அமைப்பையும் பயன்படுத்தும் பட்டறை அதிக விலை கேட்கும். சாயத்துக்கு அடியில் மறைந்திருக்கும் பற்றவைப்பின் தரத்தை வாடிக்கையாளரால் காண முடியாது. அவர் குறைந்த விலையைத் தேர்ந்தெடுக்கிறார். நாளடைவில் நல்ல பட்டறையும் தரத்தைக் குறைக்கிறது, அல்லது அத்தொழிலைக் கைவிடுகிறது.

தகவல் இடைவெளியை நிரப்புவது அரசின் பணி. அதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. முதலாவதாக, மாற்றியமைக்கப்பட்ட ஒவ்வொரு வண்டியையும் ஓட்டுநரின் எடைக்கு ஈடான மணல் மூட்டையுடன் ஒரு சாய்வுப் பலகையில் நிறுத்திச் சோதிக்கலாம். மேற்கண்ட கணக்கின்படி, அந்த வண்டி ஏறத்தாழ 23 பாகைச் சாய்வு வரை தாங்கும். குறைந்தபட்ச அளவு ஒன்றை நிர்ணயித்து, அதை எட்டாத வண்டிக்குச் சான்று மறுக்கலாம். இரண்டாவதாக, தகுதியுள்ள பட்டறைகளின் பட்டியலை மாவட்டந்தோறும் வெளியிடலாம். அகர்லாஃப் சுட்டிய சிக்கலுக்கு அதுவே தீர்வு. மூன்றாவதாக, வண்டி வழங்கும் விழாவோடு கடமை முடிந்துவிட்டதாகக் கருதாமல், வளைவிலும் சரிவிலும் ஓட்டுவதற்கு ஓரிரு நாள் பயிற்சி தரலாம். பழுது நீக்கவும் துணைச் சக்கரங்களின் உயரத்தைச் சரிபார்க்கவும் ஆண்டுக்கொரு முறை முகாம் நடத்தலாம்.

விலையில்லா வண்டிக்கு ஆகும் செலவு நிதிநிலை அறிக்கையில் தெரிகிறது. அந்த வண்டி இல்லாததால் நின்றுபோகும் படிப்பும், இழக்கப்படும் வேலையும், உடன் அழைத்துச் செல்வதற்காகக் குடும்பத்தினர் இழக்கும் ஊதியமும் எந்தக் கணக்கிலும் தெரிவதில்லை. இரண்டையும் ஒருசேர வைத்துப் பார்த்தால், கூடுதல் சக்கரங்களுக்குச் செலவிடும் பணம் சிறந்த முதலீடு என்பது விளங்கும். அச்சக்கரங்கள் உறுதியானவையா என்று சரிபார்ப்பதற்கு ஆகும் சிறு தொகை, அந்த முதலீட்டைக் காக்கும் காப்பீடு.