பழைய மோட்டார் வண்டிகளில் வால்வு ஓசையும் இஞ்சின் எண்ணெயும்

சேர்வராயன் மலையிலுள்ள காப்பித் தோட்டக்காரருக்குப் பழைய ஜீப்பும் அம்பாசிடர் காரும் ஆடம்பரப் பொருள்களல்ல. உழவனுக்கு எருது எப்படியோ அப்படியே இவையும். பறித்த காப்பிப் பழத்தை அன்றைக்கன்றே தோல் நீக்கும் யந்திரத்தில் இடுதல் வேண்டும். மறுநாள் வரை குவியலாய்க் கிடப்பின் பழம் புளித்துச் சரக்கின் குணம் கெடும். ஆகவே கார்த்திகை, மார்கழி மாதங்களில் வண்டி ஒரு நாள் நின்றாலும் நஷ்டம் பட்டறைக் கூலியோடு முடிவதில்லை. வண்டி இவ்வாறு நிற்பதற்குப் பல சமயங்களில் முன்னறிகுறியாய் இருப்பது வால்வு ஓசை. அதனை அநேகர் தவறாக உணர்ந்து, தவறான பரிகாரமும் செய்துவிடுகின்றனர்.

கிளியூர்ப் பக்கத்தில் நான் நேரிற் கண்ட ஒரு சம்பவத்தைச் சொல்லுகிறேன். ஒரு தோட்டக்காரரின் பழைய பெட்ரோல் ஜீப்பில் 'டிக் டிக்' என்னும் ஓசை எழுந்தது. பழுது பார்த்தவர் கெட்டியான எண்ணெயை ஊற்றி, வால்வுகளின் இடைவெளியையும் அளந்து பாராமல் இறுக்கிவிட்டார். ஓசை அடங்கியது, உரியவரும் மகிழ்ந்தார். சில வாரங்களில் வண்டி மேட்டில் இழுக்காமற் போயிற்று. அறுவடை மும்முரத்தில் இஞ்சினைப் பிரித்துப் பார்த்தபோது, வெளிவால்வு ஒன்று விளிம்பில் கருகிப் பிளந்திருந்தது. ஓசையை நிறுத்துவது வேறு, பழுதை நீக்குவது வேறு என்பதற்கு இதுவே போதிய சான்று.

ஓசை உண்டாகும் விதம்

இஞ்சினில் பெட்ரோலும் காற்றும் உட்புகுவதற்கு உள்வால்வும், எரிந்த புகை வெளியேறுவதற்கு வெளிவால்வும் உள. இவற்றைத் திறப்பது கேம் தண்டு. சூடேறும்போது வால்வின் தண்டு நீளுமாதலால், அதற்கு இடம் கொடுக்கும்பொருட்டு, வால்வுக்கும் அதனைத் தள்ளும் உறுப்புக்கும் நடுவே ஒரு மிகச் சிறிய இடைவெளி விடப்பட்டிருக்கிறது. பெரும்பாலான பழைய இஞ்சின்களில் அது அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. தேய்மானத்தால் இவ்விடைவெளி அதிகரித்தால் உறுப்புகள் ஒன்றையொன்று தட்டும். டாப்பட் சத்தம் என்று பட்டறைகளில் வழங்குவது இதுவே.

கேம் தண்டு இஞ்சின் வேகத்திற் பாதி வேகத்திலேயே சுழலும். இஞ்சின் நிமிஷத்திற்கு 600 சுற்று ஓடினால் ஒரு வால்வு 300 தடவை, அதாவது விநாடிக்கு 5 தடவை தட்டும். ஓசை மெல்லியதாயும் இஞ்சினின் மேற்புறத்திலிருந்தும் வரும். அடிப்புறத்திலிருந்து 'தொம் தொம்' என்று கனத்த ஓசை எழுந்து, பாரம் இழுக்கும்போது மிகுமாயின் அது பேரிங்கின் பழுது. அவ்வண்டியை உடனே நிறுத்திவிட வேண்டும். குளிர்ந்த இஞ்சினில் கேட்டுச் சூடேறியபின் மறையும் 'டிக்' ஓசை, புகைக்குழாய் இணைப்பில் உண்டான கசிவாகவும் இருக்கலாம்.

ஓசையின்மையே ஆபத்தாதல்

வால்வின் தலையிலுள்ள உஷ்ணத்தின் பெரும்பகுதி, அது மூடி ஆசனத்தில் அமர்ந்திருக்கும் நேரத்திலேயே வெளியேறுகிறது. இடைவெளி இல்லாதபடி இறுக்கிவிட்டால் வால்வு முழுதும் மூடாது. உஷ்ணம் போக்கிடமின்றி விளிம்பு எரியும். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கீழ்க் கியரில் ஏறும் வண்டிக்கு இவ்வாபத்து சமவெளி வண்டியைக் காட்டிலும் அதிகம். எரிந்த வால்வினால் ஏறுமுகத்தில் இழுவை போவது மாத்திரமன்று. இறங்குமுகத்தில் இஞ்சினின் பிடிப்பும் குறைந்து, முழுப் பாரமும் பிரேக்கின்மேல் விழும். இது உயிருக்கே கேடாகலாம்.

மற்றொரு விஷயமும் உண்டு. 2000ஆம் ஆண்டு முதல் நமது தேசத்தில் ஈயம் கலவாத பெட்ரோலே விற்கப்படுகிறது. அதற்கு முந்திய இஞ்சின்கள் சிலவற்றில் வெளிவால்வின் ஆசனம் சாதாரண வார்ப்பிரும்பு. ஈயத்தின் காப்பு இல்லாமையால் அவ்வாசனம் சிறிது சிறிதாய்த் தேய்ந்து, வால்வு உள்ளே அமிழும். இடைவெளியும் தானே குறைந்துகொண்டு வரும். முன்பு தட்டிய வால்வு தானாக அடங்கினால் அது நன்மையென்று நினைத்தல் கூடாது. ஹெட்டைக் கழற்ற நேரும்போது கடினமான ஆசன வளையம் பொருத்துவதே இதற்கு நிலையான பரிகாரம்.

சரிசெய்யும் முறை

முதலில் எண்ணெயின் மட்டத்தைப் பார்க்க வேண்டும். வண்டியைச் சமமான தரையில் நிறுத்தி, இஞ்சினை நிறுத்திச் சில நிமிஷங்கள் கழித்து அளவுகோலைத் துடைத்து விட்டெடுத்துப் பார்க்கவும். மலைச் சரிவில் பார்க்கும் அளவு பொய்யாகும். மட்டம் குறைந்திருந்தால் எண்ணெய் ஊற்றியபின் மீண்டும் ஓசையைக் கேட்க வேண்டும். மேல்குறிக்கு மேல் ஊற்றுவதும் தவறு, எண்ணெய் நுரைத்துவிடும்.

அடுத்து, பீலர் கேஜ் என்னும் மெல்லிய தகடுகளைக் கொண்டு இடைவெளியை அளக்க வேண்டும். எத்தனை அளவு என்பதும், குளிர்ந்தபோதா சூடேறியபோதா என்பதும் அந்தந்த இஞ்சினின் கையேட்டிற் காணலாம். காதளவை கொண்டு தீர்மானித்தல் ஆகாது. அம்பாசிடரின் 1489 சி.சி. பெட்ரோல் இஞ்சினில் எட்டு வால்வுகளும் ஒரே வரிசையில் உள. முன்னிருந்து 1 முதல் 8 வரை எண்ணிக்கொண்டு, 1ஆவது வால்வு முழுதும் திறந்திருக்கையில் 8ஆவதையும், 3ஆவது திறந்திருக்கையில் 6ஆவதையும் அளக்க வேண்டும். எப்பொழுதும் இரண்டின் கூட்டுத்தொகை 9 ஆக வேண்டுமென்பதே விதி. தகடு சிறிது பிடித்தாற்போல் நுழைந்து வெளிவருவது சரியான அளவு. பூட்டு நட்டை முறுக்கியபின் மறுபடியும் அளந்து பார்த்தல் அவசியம். முறுக்கும்போதே அளவு மாறிவிடுவதுண்டு. பழைய எப்-ஹெட் ஜீப் இஞ்சினில் உள்வால்வுகள் மேலும் வெளிவால்வுகள் பக்கத்திலும் இருப்பதால், பக்க மூடியையும் கழற்ற வேண்டும். இவ்விதி அதற்கு அப்படியே பொருந்தாது.

ராக்கரின் முகத்தில் பள்ளம் விழுந்திருந்தால் தகடு பள்ளத்தின்மேல் பாலம்போல் நின்று அளவைக் குறைத்துக் காட்டும். அளவு சரியாயிருந்தும் ஓசை நீங்காமைக்கு இதுவே பெரும்பாலும் காரணம். மேல்மூடியைக் கழற்றியபோது ராக்கர் தண்டுக்கு எண்ணெய் ஏறுகிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். பிற்காலத்து இஞ்சின்கள் சிலவற்றில் எண்ணெய் அழுத்தத்தாலேயே இடைவெளி சரியாகும் டாப்பட்டுகள் உண்டு; அவற்றில் திருகு இல்லை. அங்கு ஓசை வந்தால் எண்ணெயின் மட்டத்தையும் சுத்தத்தையுமே முதலில் பார்க்க வேண்டும்.

எண்ணெயைத் தெரிந்தெடுத்தல்

டப்பாவில் 20டபிள்யூ-40 என்றிருப்பின், முதல் எண் குளிர்ந்த நிலையில் எண்ணெய் ஓடும் தன்மையையும், இரண்டாம் எண் 100 டிகிரி உஷ்ணத்தில் அதன் கெட்டித் தன்மையையும் குறிக்கும். சேலத்தில் கோடை வெயில் 40 டிகிரியை நெருங்கும். சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டிலோ மார்கழி இரவு குளிர்ந்தாலும் நீர் உறைவதில்லை. ஆகவே, கையேட்டில் வேறுவிதமாய்ச் சொல்லப்படாதவரை, பழைய பெட்ரோல் வண்டிக்கு 20டபிள்யூ-40 போதும். தேய்ந்து எண்ணெய் குடிக்கும் இஞ்சினுக்கு 20டபிள்யூ-50 இடலாம். அதற்கும் கெட்டியானதை இட்டால் காலையில் ராக்கருக்கு எண்ணெய் ஏறத் தாமதமாகி, அந்நேரத்தில் தேய்மானம் மிகும்.

ஏ.பி.ஐ. என்னும் குறியீட்டில் எஸ் என்று தொடங்குவன பெட்ரோல் இஞ்சினுக்கும், சி என்று தொடங்குவன டீசல் இஞ்சினுக்கும் உரியவை. பழைய இஞ்சின்களில் கேம் தண்டு டாப்பட்டின்மேல் உரசியே செல்லும். அவ்விடத்தைக் காப்பது எண்ணெயிற் சேர்க்கப்படும் துத்தநாக, பாஸ்பரஸ் கூட்டுப்பொருள். புதிய கார்களின் புகை சுத்திகரிக்கும் கருவியைக் காக்கும்பொருட்டு, 2004இல் வந்த எஸ்.எம். தரம் முதலாக 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய எண்ணெய்களில் பாஸ்பரஸ் 0.08 சதவீதத்திற்கு மேற்படாதபடி குறைக்கப்பட்டது. ஆதலால் விலை உயர்ந்த புது எண்ணெய் எல்லாம் பழைய வண்டிக்கு உகந்ததென்று எண்ணலாகாது.

எண்ணெயை மாற்றும்போது வடிகட்டியையும் மாற்றுக. வடித்த எண்ணெயை ஓடையிற் கொட்டுதல் பெருந்தவறு. ஏற்காடு ஏரியின் உபரி நீர் கிளியூர் அருவி வழியே கீழே இறங்குவதால், மேலே கொட்டியது கீழுள்ளோரின் நீரைக் கெடுக்கும். 2016ஆம் ஆண்டு விதிகளின்படி அது அபாயகரமான கழிவு. டின்னில் சேர்த்து, அனுமதி பெற்ற சேகரிப்போரிடம் ஒப்படைக்க வேண்டும். கிராம அலுவலர்கள் இதனைக் குடிகளுக்கு எடுத்துரைப்பார்களாக.

ஐப்பசி மாதத்திலேயே, காப்பிப் பழம் சிவக்குமுன், ஒரு நாளை ஒதுக்கி எண்ணெயை மாற்றி, வால்வு இடைவெளியை அளந்து, வண்டிக் கணக்கில் தேதியோடு குறித்து வைத்தல் நலம். மறு வருஷம் அளக்கும்போது எந்த வால்வின் இடைவெளி கூடியது, எது குறைந்தது என்பது அக்குறிப்பால் விளங்கும். சிறிது தட்டும் வால்வினால் பெரிய கேடு உடனே நேராது. அளவின்றி இறுக்கிய வால்வோ சத்தமின்றியே எரிந்துபோகும்.