முறிந்த தென்னை துளிர்க்குமா? - திருவருகைக் காலச் சிந்தனை



2018ஆம் ஆண்டின் திருவருகைக் காலம் டிசம்பர் 2ஆம் நாள் தொடங்கியது. அதற்குப் பதினாறு நாள்களுக்கு முன்புதான், நவம்பர் 16 அதிகாலையில், கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்திருந்தது. டெல்டாவைச் சிதைத்த அந்தப் புயல் வலுவிழந்தும் அடங்காமல் திண்டுக்கல் மாவட்டத்துக்குள்ளும் நுழைந்தது. கொடைக்கானல் மலைச்சாலைகளில் மரங்கள் குறுக்கே விழுந்து கிடந்தன. மலை ஊர்களில் பல நாள் மின்சாரம் இல்லை.

அந்த ஞாயிறின் முதல் வாசகம் எரேமியா 33:14-16. தாவீதின் குலத்திலிருந்து நீதியின் தளிர் ஒன்று முளைக்கும் என்ற வாக்குறுதி. மறையுரை வைக்கும் எவருக்கும் இதைவிடப் பொருத்தமான வாசகம் கிடைக்காது. பாலசமுத்திரத்தில் கூடியிருந்த சிறு கூட்டத்தின் முன் நானும் மகிழ்ச்சியோடு பேசினேன். புயலில் விழுந்த மரத்தின் அடிக்கட்டையைப் பாருங்கள், அதிலும் ஒரு நாள் தளிர் வரும், கடவுள் அப்படித்தான் செய்வார் என்றேன். நன்றாகப் பேசிவிட்டதாகத்தான் எனக்கே தோன்றியது.

திருப்பலி முடிந்து வாசலில் நின்றபோது தென்னந்தோப்பில் வேலை பார்க்கும் ஒருவர் அருகே வந்தார். அவருடைய சொந்தக்காரர்கள் பட்டுக்கோட்டைப் பக்கம் இருக்கிறார்கள். "சாமி, தப்பா நினைக்காதீங்க. வேம்பு துளிர்க்கும், புங்கன் துளிர்க்கும். தென்னை முறிஞ்சா துளிர்க்காதுங்க. எங்க மாமன் தோப்புல ஒரு மரம் மிச்சமில்லை" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. அவர் சொன்னது முழு உண்மை. தென்னைக்கு ஒரே ஒரு குருத்துதான். அது போனால் மரம் போயிற்று. அடியிலிருந்து மறுபடி வராது. புதிதாகக் குழி எடுத்து, புதுக் கன்று வைத்து, ஆறேழு ஆண்டு காத்திருக்க வேண்டும். டெல்டாவில் அப்படி விழுந்த மரங்கள் இலட்சக்கணக்கில். அந்த மக்களிடம் போய் 'தானாகத் துளிர்க்கும்' என்று சொன்னால் அது ஆறுதல் அல்ல, அவமதிப்பு.

அன்றிலிருந்து ஒவ்வொரு திருவருகைக் காலத்திலும் இந்தக் கேள்வி என்னோடு வருகிறது. நாம் எதை எதிர்நோக்கு என்கிறோம்?

முதலில் சொல்லையே பார்ப்போம். நம் பாட்டிமார் மூன்று இறைப்புண்ணியங்களை விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம் என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பில் அதே மூன்றும் நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு என்று வருகின்றன (1கொரி 13:13). விசுவாசம் இருந்த இடத்தில் நம்பிக்கை வந்து உட்கார்ந்தது. நம்பிக்கை இருந்த இடத்துக்கு எதிர்நோக்கு வந்தது. இன்றும் வயதானவர்கள் இதில் தடுமாறுவதைப் பார்க்கிறேன், நானும்தான் தடுமாறுகிறேன். ஆனால் இந்தக் குழப்பத்திலும் ஓர் உண்மை இருக்கிறது. திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட், 2007 நவம்பர் 30 அன்று, அதாவது திருவருகைக் காலம் தொடங்கும் தறுவாயில், எதிர்நோக்கைப் பற்றி 'ஸ்பே சால்வி' என்ற சுற்றுமடலை வெளியிட்டார். விவிலியத்தின் பல இடங்களில் இந்த இரு சொற்களையும் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்துப் படிக்க முடியும் என்று அதன் தொடக்கத்திலேயே அவர் காட்டுகிறார்.

எதிர்நோக்கு வேறு, எதிர்பார்ப்பு வேறு. இங்கே பாலாறு-பொருந்தலாறு அணையின் தண்ணீரை நம்பிப் பயிர் செய்பவர்களுக்கு ஐப்பசியும் கார்த்திகையும் எதிர்பார்ப்பின் மாதங்கள். மலையில் மழை பெய்ததா, அணையின் 65 அடியில் இன்று எத்தனை அடி என்று தேநீர்க்கடையில் கேட்டபடியே இருப்பார்கள். நீர் ஏறினால் முகம் மலரும், ஏறாவிட்டால் வாடும். இது இயல்பு, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எதிர்பார்ப்பு அளவுகோலைப் பார்த்து நிற்பது. அறிகுறி நன்றாக இருந்தால்தான் அது நிற்கும். பவுலடியார் உரோமையருக்கு எழுதும்போது, கண்ணால் பார்த்துவிட்டதை யாரும் எதிர்நோக்குவதில்லை என்ற பொருளில் எழுதுகிறார் (உரோ 8:24). எதிர்நோக்கு, வாக்குறுதி தந்தவர் யார் என்பதைப் பார்த்து நிற்பது. எரேமியாவும் நல்ல அறிகுறி எதையும் கண்டு 'தளிர்' என்று சொல்லவில்லை. அவர் காவலில் அடைபட்டிருந்தார், எருசலேம் முற்றுகையில் இருந்தது. அந்த வாசகத்தை மறையுரைக்கு எடுத்த நான், அதைச் சொன்னவர் எங்கே இருந்து சொன்னார் என்பதை அன்று மறந்துவிட்டேன்.

திருவருகைக் காலத்தின் அமைப்பு உங்களுக்குத் தெரிந்ததுதான். நான்கு ஞாயிறுகள், ஊதா உடை, மூன்றாம் ஞாயிறில் மட்டும் இளஞ்சிவப்பு. டிசம்பர் 16 வரை வழிபாடு ஆண்டவரின் இரண்டாம் வருகையை நினைவூட்டுகிறது. 17 முதல் 24 வரை பெத்லகேமை நோக்கித் திரும்புகிறது. முதல் பகுதியை நாம் கிட்டத்தட்டக் கவனிப்பதே இல்லை. டிசம்பர் பிறந்ததும் குடில் வேலை, ஸ்டார், கேரல் பவனி, அதில் சேர்ந்த காசுக் கணக்கு. இவை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் காத்திருப்பதற்கென்று தாய்த் திருச்சபை கொடுத்த நாள்களை நாம் ஏற்பாடுகளுக்கே செலவிட்டுவிடுகிறோம். இதே நாள்களில் நம் தெருவில் மாலை போட்ட ஐயப்ப பக்தர்கள் விடியற்காலைக் குளிரில் குளித்து விரதம் காக்கிறார்கள். கொஞ்ச நாளில் தைப்பூசத்துக்காகப் பழனிப் பாதயாத்திரைக் கூட்டம் சாலையெல்லாம் நடக்கும். காத்திருப்புக்கு உடலும் ஒத்துழைக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

சரி, ஒரு சமூகம் காத்திருப்பது எப்படி? இதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டாம். நம் மண்ணிலேயே இருக்கிறது.

1606இல் இராபர்ட் தெ நோபிலி தொடங்கிய மதுரை மிஷன் நம் பகுதித் திருச்சபையின் தாய்வீடு. அருளானந்தரும் வீரமாமுனிவரும் உழைத்த களம். 1759இல் போர்த்துக்கல் அரசு தன் ஆட்சிப் பகுதிகளிலிருந்து சேசு சபையினரை வெளியேற்றியது. 1773இல் திருத்தந்தை 14ஆம் கிளமெண்ட் அந்தச் சபையையே கலைத்தார். இங்கே ஏற்கெனவே இருந்த குருக்கள் ஒவ்வொருவராக முதுமையில் இறந்தார்கள், அவர்கள் இடத்துக்குச் சபையிலிருந்து வேறு யாரும் வரவில்லை. பிரஞ்சு சேசு சபையினர் மறுபடி வந்து பணியை ஏற்றது 1838இல். இடையில் 65 ஆண்டுகள், அதாவது மூன்று தலைமுறை. குருக்களே இல்லை என்று சொல்ல முடியாது. புதுச்சேரியிலிருந்து பாரிஸ் மிஷன் குருக்களும், கோவாக் குருக்களும் வந்தார்கள். ஆனால் மிகச் சிலர். இவ்வளவு பெரிய பரப்புக்கு அவர்கள் எம்மாத்திரம்!

காலமும் நல்ல காலமல்ல. ஐதர் அலியின் படையும் திப்புவின் படையும் கம்பெனிப் படையும் மாறி மாறித் திண்டுக்கல் சீமையை மிதித்த ஆண்டுகள் அவை. பழைய பாளையக்காரர்களின் ஊரான இந்தப் பாலசமுத்திரமும் அதற்குத் தப்பவில்லை. பக்கத்து விருப்பாட்சியின் கோபால் நாயக்கர் தூக்கிலிடப்பட்டது 1801இல்.

அந்த 65 ஆண்டுகளில் விசுவாசத்தைக் காத்தது யார்? உபதேசியார்கள். இன்று நாம் வேதியர் என்கிறோம். இவர்களுக்கென்றே வீரமாமுனிவர் 'வேதியர் ஒழுக்கம்' என்ற நூலை எழுதி வைத்திருந்தார். ஞாயிறன்று சிற்றாலயத்தில் செபம் சொல்லக் கொடுத்தது அவர்கள். சாகக் கிடக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தது, இறந்தவரை அடக்கம் செய்தது, பிள்ளைகளுக்கு மந்திரங்களைப் படிப்பித்தது எல்லாம் அவர்களே. பாவசங்கீர்த்தனம் கேட்க ஆளில்லாத சாவுப் படுக்கையில் உத்தம மனஸ்தாப மந்திரத்தைக் காதில் சொன்னதும் அவர்கள். நற்கருணை இல்லாமல் கிறிஸ்மஸ் எத்தனை வந்து போயிருக்கும்!

இதை நான் அழகுபடுத்திச் சொல்ல விரும்பவில்லை. 1838இல் வந்தவர்கள் ஒரு தூய ஆதித் திருச்சபையைக் கண்டுவிடவில்லை. சாதிச் சண்டை இருந்தது. யார் அதிகாரத்துக்குக் கீழ்ப்படிவது என்ற சண்டை அதன் பிறகும் நெடுநாள் நீடித்தது. வந்த இளம் குருக்கள் பலரை முதல் சில ஆண்டுகளிலேயே காலராவும் வெயிலும் கொண்டுபோயின. கொடைக்கானல் மலையில் சேசு சபையினர் ஓய்வில்லம் தேடியதற்கு இதுவும் ஒரு காரணம். அங்கே 1866இல் எழுந்த சலேத் மாதா ஆலயத்தின் பெயர் பிரான்சில் 1846இல் நடந்த காட்சியிலிருந்து வந்தது. உருளைக்கிழங்கும் கோதுமையும் அழுகிப்போன பஞ்ச காலத்தில், முகத்தை மூடி அழுத அன்னை அவள். உருளைக்கிழங்கு விளையும் நம் மலைக்கு இதைவிடப் பொருத்தமான மாதா கிடைத்திருக்க மாட்டாள் என்று நினைத்துக்கொள்வேன்.

நான் சொல்ல வருவது, 1773க்குப் பிறகு செபம் சொல்லிக் கொடுத்த உபதேசியார்களில் பெரும்பாலோர் 1838ஐப் பார்க்கவில்லை. அவர்கள் வாழ்நாள் முழுவதும் அளவுகோலில் நீர் ஏறவே இல்லை. ஆனாலும் அடுத்த வீட்டுப் பிள்ளைக்குப் பரலோக மந்திரத்தைச் சொல்லிக் கொடுத்தார்கள். எதிர்நோக்கு என்பது ஒருவர் மனத்தில் எழும் உணர்ச்சியாக மட்டும் இருந்திருந்தால் இரண்டு தலைமுறையில் அணைந்திருக்கும். ஒருவர் கையிலிருந்து ஒருவர் வாங்கிக்கொண்ட வேலையாக இருந்ததால்தான் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

இது என் பணியில் எனக்குப் புரிந்தது சற்றுத் தாமதமாகத்தான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாயின் ஒரே மகன் சாலை விபத்தில் இறந்தான். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை, விடுமுறைக்கு வீடு திரும்பும் வழியில் நடந்தது. அடுத்து வந்த திருவருகைக் காலத்தில் அந்தத் தாய் கோவிலுக்கு வருவதை நிறுத்திவிட்டார். நான் வீட்டுக்குப் போனேன். உயிர்ப்பைப் பற்றி எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சாமி, எனக்குச் செபம் வாயில வரலைங்க. வராததை எப்படிச் சொல்ல?" என்றார். குருமடத்தில் இறையியல் தேர்வில் இந்தக் கேள்வி வந்ததில்லை.

அந்தத் தெரு அன்பியத்துப் பெண்களிடம் இதைச் சொன்னேன். அவர்கள் யாரும் விவாதிக்கவில்லை. அந்த ஆண்டு அன்பியக் கூட்டத்தை அவர் வீட்டுத் திண்ணையில் வைத்தார்கள். நான்கு வாரமும் மாலை ஏழு மணிக்கு ஏழெட்டுப் பேர் பாயோடு வருவார்கள், செபமாலை சொல்வார்கள், வீட்டுக்காரர் உள்ளே இருந்தால் இருக்கட்டும், வெளியே வந்து உட்கார்ந்தால் உட்காரட்டும் என்று விட்டுவிட்டார்கள். துக்க வீடு என்பதால் அவர் வீட்டில் ஸ்டார் கட்டவில்லை. தெருப் பிள்ளைகள் யாரையும் கேட்காமல் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக நின்ற வேப்பமரத்தில் ஒன்றைக் கட்டினார்கள். மூன்றாம் வாரம் அவர் வெளியே வந்து உட்கார்ந்தார். செபம் சொல்லவில்லை. கிறிஸ்மஸ் நள்ளிரவுத் திருப்பலிக்கும் வரவில்லை. தவக்காலத்தில்தான் கோவிலில் பார்த்தேன், கடைசி பெஞ்சில்.

அவரால் எதிர்நோக்க முடியாத நாள்களில் அந்த ஏழெட்டுப் பேர் அவருக்காகவும் சேர்த்து எதிர்நோக்கினார்கள். திமிர்வாதக்காரனைக் கூரையைப் பிரித்து இறக்கிய நால்வரின் நம்பிக்கையை ஆண்டவர் கண்டார் என்று மாற்கு எழுதும்போது (மாற் 2:5) இதைத்தான் சொல்கிறாரோ என்று இப்போது படிக்கிறேன்.

ஆகவே இந்தத் திருவருகைக் காலத்தில் எங்கள் மக்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் அன்பியத்தில் இந்த ஆண்டு செபம் வாயில் வராத வீடு எது என்று பாருங்கள். கடனில் மூழ்கிய வீடாக இருக்கலாம். பிள்ளைகள் கோவைக்கும் திருப்பூருக்கும் போய்விட, டிசம்பர் 24 இரவு பேருந்துக்காக வாசலில் காத்திருக்கும் முதியவர்கள் இருக்கலாம். பங்குக்குருமேல் கோபித்துக்கொண்டு நின்றவராகவும் இருக்கலாம், அதற்கு நான் பொறுப்பு. கேரல் பவனி அந்த வீட்டுக்கு முன் ஐந்து நிமிடம் நிற்பது போதாது. பாயை எடுத்துக்கொண்டு போங்கள்.

2025ஐ 'எதிர்நோக்கின் திருப்பயணிகள்' என்ற மையக்கருத்தோடு யூபிலி ஆண்டாகக் கொண்டாடினோம். புனிதக் கதவைத் திறந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2025 ஏப்ரல் 21 அன்று இறைவனடி சேர்ந்தார். அதை 2026 சனவரி 6 அன்று மூடியவர் திருத்தந்தை 14ஆம் லியோ.

தென்னைக்காரரை அண்மையில் மறுபடி பார்த்தேன். கைபேசியில் ஒரு படம் காட்டினார். பட்டுக்கோட்டை மாமன் புயலுக்கு அடுத்த ஆண்டு வைத்த கன்றுகள். மூன்று மரங்களில் பாளை வெடித்திருந்தது. "மாமன் எப்படி இருக்கிறார்?" என்றேன்.

"அவர் கொரோனாவுல போயிட்டாருங்க சாமி. பையன்தான் தண்ணி பாய்ச்சுறான்."