தம்பிரான் வணக்கமும் ஐரோப்பிய மறுமலர்ச்சியும்

ஐரோப்பாவிற் பதினான்காம் நூற்றாண்டு தொடங்கிப் பதினாறாம் நூற்றாண்டின் இறுதிவரை நிகழ்ந்த அறிவெழுச்சியை மறுமலர்ச்சி என்று வழங்குவர். ஓவியமும் சிற்பமுமே அதன் சிறப்பென்று நம்மவருட் பலர் கருதுப. அவை அதன் மலர்களேயன்றி வேரல்ல. பழைய நூல்களை மூலமொழியிலேயே கற்றலும், ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடந் தெளிதலும், ஒரு சொல் எக்காலத்து எப்பொருளில் நின்றதென்று துருவியறிதலுமே அதன் வேர். 1440-ஆம் ஆண்டில் இலாரன்சோ வல்லா என்னும் அறிஞர், கான்சுடன்டைன் வேந்தன் உரோமாபுரித் திருச்சபைக்கு ஆட்சியுரிமை அளித்ததாகக் காட்டப்பட்ட சாசனத்தை ஆராய்ந்து, அதிலுள்ள இலத்தீன் வழக்குகள் அவ்வேந்தன் காலத்தனவல்ல என்று காட்டி, அது போலியென நிறுவினார். எராசுமசு என்பார் 1516-இற் புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தை அச்சிட்டார். 1519-இல் வந்த இரண்டாம் பதிப்பில், யோவான் நூலின் தொடக்கத்தில் 'வெர்பும்' என வழங்கிய இலத்தீன் சொல்லை நீக்கி, உரை எனப் பொருள்படும் 'செர்மோ' என்பதை அவர் அமைத்தபோது பெரும் பூசல் விளைந்தது. ஒரு சொல் பெயர்ந்தாற் சமயமே பெயருமோ என்று அந்நாட்டார் அஞ்சினர். சொல்லும் பொருளும் பிரிவின்றி நிற்பன என்று உணர்ந்த நமக்கு அவ்வச்சம் வியப்பன்று.

இவ்வெழுச்சிக்கும் தமிழகத்திற்கும் இயைபு யாது எனின், கூறுதும். அம்மரபிற் பயின்ற பாதிரிமார் முத்துக்குளித்துறைக்கு வந்து, தம் சமயத்தைத் தமிழிற் சொல்லப் புகுந்தபோது, எராசுமசுக்கு நேர்ந்த அதே இடர்ப்பாடு அவர்கட்கும் நேர்ந்தது. பிரான்சிசு சவேரியார் 1542-இல் இந்நாட்டை அடைந்தவர். அவர் காலத்து முதன்முதற் செய்த விசுவாசப் பிரமாண மொழிபெயர்ப்பில், 'விசுவசிக்கிறேன்' என நிற்கவேண்டிய இடத்தில் 'எனக்கு வேணும்' என்றிருந்தது. நம்புதலும் வேண்டுதலும் ஒன்றாகா என்பதை உணர்ந்த சவேரியார், 1544-இல் தம் துணைவர்க்கு எழுதிய திருமுகத்தில் அதனைத் திருத்துமாறு பணித்தார். தமிழிற் கிறித்தவ நூலுக்கு நிகழ்ந்த பாடத் திருத்தங்களுள் இதுவே மிகப் பழையதெனலாம்.

பின்வந்த அன்றிக் அன்றிக்கசு என்பார் போர்ச்சுக்கல் நாட்டினர். 1520-இற் பிறந்து 1546-இல் இங்கு வந்து, 1600-இல் புன்னைக்காயலில் மறைந்தவர். இவர் தமிழுக்குப் போர்த்துக்கீசிய மொழியில் எழுதிய இலக்கணம் நெடுங்காலம் ஏட்டளவில் இலிசுபன் நகரத்துக் கிடந்து, ஈன் அம்மையாரும் வி. எசு. இராசம் அம்மையாரும் செய்த ஆங்கில மொழிபெயர்ப்புடன் 2013-இல் ஆர்வார்டு பல்கலைக்கழக வரிசையில் வெளிவந்தது. 1578-இல் இவருடைய தமிழ் நூல் கொல்லத்தில் அச்சேறிற்று. பதினாறே பக்கமுடைய அந்நூலுக்குத் 'தம்பிரான் வணக்கம்' என்று பெயர். இந்திய மொழியொன்றின் எழுத்தில் இந்நாட்டிலே அச்சிடப்பட்டுக் கிடைத்துள்ள நூல்களுள் இதுவே முதன்மையானது. மெய்யெழுத்துக்கள் புள்ளியின்றி நிற்றலின் இன்று படிப்பார்க்குச் சற்றே இடர் தரும்.

அப்பெயரைச் சைவர் செவிப்படுத்தின் என் தோன்றும்? சுந்தரமூர்த்தி நாயனாரைத் தம்பிரான் தோழர் என்று போற்றுகின்றோம். திருமடங்களில் துறவு பூண்டாரையும் தம்பிரான் என்கின்றோம். தம் பெருமான் என்னும் பொருள்பட நிற்கும் இச்சொல், ஆண்டானுக்கும் அடிமைக்கும் உள்ள உரிமையைக் குறிப்பது. புன்னைக்காயலுக்குச் சேய்மையிலல்லாத சீவைகுண்டத்தில் அடுத்த நூற்றாண்டில் தோன்றிய குமரகுருபர அடிகள் தருமபுரத்திலே தம்பிரானாயினார். பாதிரியார் இச்சொல்லை வேற்றுநிலத்திலிருந்து கொணரவில்லை. தம்மைச் சூழ்ந்தார் நாவில் வழங்கியதையே எடுத்தாண்டனர். அன்புரிமையைச் சுட்டுமளவில் அது பொருந்துவதே.

ஆயினும் சொல்லை இரவல் வாங்குவது எளிது. அதனுட் கிடக்கும் கொள்கையை வாங்குதல் அரிது. இவ்வேறுபாடு, 1606-இல் மதுரை புகுந்த இராபர்ட்டு நொபிலியின் நூல்களில் நன்கு விளங்கும். உரோமாபுரியிற் பிறந்த இவர் காவி உடுத்துப் புலால் நீத்து வாழ்ந்தவர். பூணூல், குடுமி, சந்தனம் முதலியன சமயச் சின்னங்களல்ல, உலகியல் வழக்கங்களே என்று வாதித்து, 1623-இல் போப்பாண்டவரின் இசைவும் பெற்றார். இறைவனைச் 'சருவேசுரன்' என்றார். ஈசுவரன் என்னுஞ் சொல் நம்முடையதே, பொருளோ வேறு. குடத்திற்கு மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என்பது சித்தாந்தம். அதுபோல் உலகிற்கு மாயை முதற்காரணம், சத்தி துணை, இறைவன் நிமித்தன். உயிரும் அநாதி. நொபிலியாரின் சருவேசுரனோ மண்ணின்றிக் குடஞ் செய்வான். உயிர்களையும் இல்லாமையினின்று படைப்பான். அதனாலன்றே அவர் மறுபிறப்பை மறுத்துத் தனிநூல் இயற்ற வேண்டியதாயிற்று? உயிருக்குத் தொடக்கம் உண்டெனின், முன்வினை நிற்றற்கு இடமில்லை. இவ்விடத்தில் இருதிறத்தாரும் ஒரே சொல்லைக் கூறி இருவேறு பொருளை உன்னுகின்றனர். சமயங்களெல்லாம் ஒன்றே கூறுவன என்று எளிதில் முடிபு செய்வார் இதனை ஆழ்ந்து நோக்குதல் நன்று.

பிற்காலத்தார்க்கும் இத்தடுமாற்றம் நீங்கிற்றில்லை. பதினெட்டாம் நூற்றாண்டிற் சென்னை வேப்பேரியில் இருந்து விவிலியத்தை மொழிபெயர்த்த பப்பிரீசியுசு பாதிரியார் 'பராபரன்' என்றார். அதன்பின் வந்த ஐக்கியத் திருப்புதலில் 'தேவன்' என்பது இடம்பெற்றது. இருநூறாண்டுக்கு மேலாகச் சொல் மாறிக்கொண்டே வந்தமை, எச்சொல்லும் அவர்தம் கருத்திற்கு முற்றும் பொருந்தாமையைக் காட்டும்.

அன்றிக்கசு 1586-இல் அச்சிட்ட பிறிதொரு நூல், கிறித்தவத் தொண்டர் வரலாறுகளைக் கூறும் பெருநூலாகும். இராசமாணிக்கம் அடிகள் 1967-இல் தூத்துக்குடியில் மீளப் பதிப்பித்தபோது அதற்கு 'அடியார் வரலாறு' என்னும் பெயர் தந்தனர். அடியார் என்ற அளவில் நம் நெஞ்சம் பெரியபுராணத்திற்கே செல்லும். பருத்திப்பட்டிற்கு அணித்தாகிய திருவேற்காட்டில் அவதரித்து, சூதாடியும் அடியார்க்கு அமுதூட்டிய மூர்க்க நாயனாரை அவ்வேற்றுநூலிற் பொருத்தி வைக்க இயலுமோ? அவரது சூதை அறநூல் கடியும்; அடியார் பத்தியோ அதனையும் தொண்டாக்கிற்று.

இந்நூல்களின் பெருமையைத் தமிழுலகம் அறியச் செய்தாருள் தனிநாயக அடிகள் தலைசிறந்தவர். 1952-இல் 'தமிழ்க் கல்ச்சர்' என்னும் ஆங்கில இதழைத் தொடங்கி, ஐரோப்பிய நூலகங்களிற் கிடந்த பழந்தமிழ் அச்சுநூல்களையும் ஏடுகளையும் தேடி எழுதினார். அந்தாம் தெ புரோயென்சா இயற்றி 1679-இல் அம்பலக்காட்டில் அச்சிடப்பெற்ற தமிழ்-போர்த்துக்கீசிய அகராதியை 1966-இல் கோலாலம்பூரில் மறுபடி வெளியிட்டவரும் அவரே. தம்பிரான் வணக்கத்தின் படி இன்று ஆர்வார்டு நூலகத்தில் உள்ளது. கிறித்தவ வழக்கினின்று அப்பெயர் அகன்றுபோயிற்று. தருமபுரத்தும் திருவாவடுதுறையிலும் திருப்பனந்தாளிலும் துறவியர் பெயராய் அது இன்றும் வழங்குகின்றது.